பத்தாவது மாடியில் வெளுத்துப்போன சிவப்பு: வளாகக் கலைப்பொருள் பராமரிப்பு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹோலியோக் சென்டர் என்றொரு நிர்வாகக் கட்டடம் இருந்தது. இப்போது அதற்கு ஸ்மித் கேம்பஸ் சென்டர் என்று பெயர். கட்டடக் கலைஞர் ஜோசப் லூயிஸ் செர்ட் வடிவமைத்த அந்தக் கட்டடத்தின் பத்தாவது மாடியில், விருந்தினர்களுக்கான சாப்பாட்டு அறை ஒன்றில், அமெரிக்க ஓவியர் மார்க் ரோத்கோ வரைந்த ஐந்து பெரிய ஓவியங்களை 1964-இல் நிரந்தரமாக மாட்டினார்கள். 1979-இல் அவற்றைக் கழற்றி இருட்டான கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். நடுவில் போன பதினைந்து ஆண்டுகளில் அடர்ந்த கருஞ்சிவப்பு வெளுத்து, சில இடங்களில் வெளிர்நீலம் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. திருட்டு நடக்கவில்லை, தீயும் பிடிக்கவில்லை. தினமும் ஆட்கள் வந்து சாப்பிட்டுப் போன ஒரு நல்ல அறையில், எல்லார் கண்ணெதிரிலும் இது நடந்தது.

வளாகக் கலைப்பொருட்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு இந்த நிகழ்வைத்தான் முதலில் படிக்கக் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். இதில் வில்லன் என்று யாரும் இல்லை. அன்போடு கொடுத்த ஓவியர், மதிப்போடு வாங்கிக்கொண்ட பல்கலைக்கழகம், பக்கத்திலேயே திறமையான அருங்காட்சியகம், எல்லாம் இருந்தும் ஓவியம் போய்விட்டது. எப்படிப் போனது என்று அடி அடியாகப் பார்த்தால், ஒரு வளாகத்தில் எந்தப் பொறுப்பு யார் கையில் இருக்க வேண்டும் என்பது விளங்கும்.

என்ன நடந்தது

ரோத்கோவுக்கும் சாப்பாட்டு அறைகளுக்கும் ஏற்கெனவே ஒரு கசப்பான கணக்கு உண்டு. 1958-இல் நியூயார்க்கின் சீக்ராம் கட்டடத்தில் வரவிருந்த ஆடம்பர உணவகத்துக்காகச் சுவரோவியங்கள் வரைய ஒப்புக்கொண்டார். வரைந்தும் முடித்தார். அப்புறம் அந்த உணவகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, இங்கே என் படங்களை மாட்ட முடியாது என்று ஒப்பந்தத்தையே கைவிட்டார். அதே மனிதர் சில ஆண்டுகளிலேயே ஹார்வர்டின் சாப்பாட்டு அறைக்குச் சம்மதித்தார். பல்கலைக்கழகம் என்றால் வேறு மாதிரி நடத்துவார்கள் என்று நம்பியிருக்க வேண்டும்.

மொத்தம் ஆறு ஓவியங்கள் வரைந்து, ஆறையும் ஹார்வர்டு இருக்கும் கேம்பிரிட்ஜ் நகருக்கு எடுத்துச் சென்று, அறையில் வைத்துப் பார்த்து ஐந்தைத் தேர்ந்தெடுத்தார். மூன்று ஒரு சுவரில் வரிசையாக, மற்ற இரண்டும் எதிர்ப்பக்கம். ஒவ்வொன்றும் எட்டடிக்கு மேல் உயரம். எஞ்சிய ஆறாவது ஓவியம் திரும்பிப் போய்விட்டது. அது இந்தக் கதையில் பிறகு முக்கியமாக வரும்.

அறையின் இரண்டு பக்கமும் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. பத்தாவது மாடி என்பதால் வெளியே பார்த்தால் ஊரே தெரியும். வெயில் அதிகமாக வருகிறது என்பது மாட்டும்போதே ரோத்கோவுக்குத் தெரிந்துதான் இருந்தது. அதற்காகக் கண்ணாடியிழைத் திரைகள் போட்டார்கள். அவற்றை மூடியே வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

திரைகள் மூடியே இருக்கவில்லை. இருந்திருக்கவும் முடியாது. பத்தாவது மாடியில் விருந்து வைப்பவர் எதற்காக அந்த அறையைப் பிடிக்கிறார்? காட்சிக்காகத்தான். வந்தவர்கள் திரையை விலக்கினார்கள், வெளிச்சம் உள்ளே வந்தது, சாப்பிட்டார்கள், போனார்கள். மறுநாள் வேறு ஒரு கூட்டம். நாற்காலி முதுகும் மேசை விளிம்பும் பட்டுத் துணியில் பள்ளமும் கிழிசலும் விழுந்தன. உணவு தெறித்த கறைகள் சேர்ந்தன. யாரோ ஓவியத்தின் மேலேயே கிறுக்கிவிட்டும் போயிருந்தார்கள்.

வெளிச்சத்தின் கணக்கு

கிழிசலைத் தைக்கலாம், கறையை ஓரளவு நீக்கலாம். வெளிச்சம் செய்த சேதம் அப்படியில்லை. அது திரும்பாது, கூடிக்கொண்டே போகும். அருங்காட்சியகங்கள் இதை லக்ஸ்-மணி என்ற அளவில் கணக்கு வைக்கின்றன: லக்ஸ் என்ற அலகில் அளக்கும் வெளிச்சத்தை நேரத்தால் பெருக்கினால் வருவது. நீர்வண்ணம், துணி போன்ற நுட்பமான பொருட்களுக்கு 50 லக்ஸ், எண்ணெய் ஓவியங்களுக்கு 200 லக்ஸ் என்பது நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ள வரம்பு.

இதை ஒரு அறையில் வைத்துப் பார்ப்போம். 50 லக்ஸ், நாளுக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 1,20,000 லக்ஸ்-மணி. பெரிய சன்னலுக்கு அருகில் பகலில் 5,000 லக்ஸ் சர்வ சாதாரணம். நேர்வெயில் விழுந்தால் பல மடங்கு அதிகம். அந்த 5,000 லக்ஸில் எட்டு மணி நேரம் என்றால் 40,000 லக்ஸ்-மணி. அதாவது மூன்றே நாளில் ஓராண்டின் பங்கு தீர்ந்துவிடுகிறது. ஒரு வாரம் தொடர்ந்து திரை திறந்திருந்தால் இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த சேமிப்பு காலி. திரை திறந்திருக்கும் ஒவ்வொரு மதியமும் தனித்தனியே பார்த்தால் அற்பமாகத்தான் தோன்றும். அதனால்தான் யாரும் கத்தவில்லை.

நிறமி வேறு காலை வாரியது. ரோத்கோ பயன்படுத்திய சிவப்பு லித்தால் ரெட் என்ற செயற்கை நிறமி. அச்சு மையில் அதிகம் புழங்கியது. பார்க்கப் பிரமாதமாக இருக்கும், வெளிச்சம் பட்டால் நிற்காது. அதை நீலத்தோடு கலந்துதான் அந்தக் கருஞ்சிவப்பை உண்டாக்கியிருந்தார். சிவப்பு செத்துப்போனதும் நீலம் மட்டும் நின்றது. சன்னலுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு ஓவியமும் வேறு வேறு வேகத்தில் வெளுத்தது. ஒரே ஓவியத்துக்குள்ளும் இந்த ஓரம் ஒரு நிறம், அந்த ஓரம் ஒரு நிறம். ஐந்தும் சேர்ந்து ஒரே அறையாக நிற்க வேண்டும் என்று வரைந்தவை, ஒன்றோடொன்று பொருந்தாத ஐந்து படங்களாகிவிட்டன.

இதில் ஓவியரின் பங்கும் உண்டு என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் நிறமி என்ன என்பதை அவர் ரசாயனக் குறிப்போடு ஒப்படைக்க வேண்டும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் அது கிடைக்காது.

திரை யாருடைய வேலை

என் பார்வையில் இந்த நிகழ்வின் நடுப்புள்ளி இதுதான். ஓவியங்கள் பல்கலைக்கழகத்தின் சொத்து. அவற்றைப் பற்றித் தெரிந்தவர்கள் அருங்காட்சியகத்தில் இருந்தார்கள். அறையை நடத்தியவர்கள் விருந்து ஏற்பாடு செய்பவர்கள். சன்னல், திரை, விளக்கு எல்லாம் கட்டடப் பராமரிப்பைச் சேர்ந்தவை. “திரையை மூடி வைக்கவும்” என்ற ஏற்பாடு இவர்களில் எவருடைய அன்றாட வேலைப் பட்டியலிலும் உட்காரவில்லை. அறிவு ஓரிடத்தில், அதிகாரம் வேறோரிடத்தில், திரையின் கயிறு விருந்தாளியின் கையில்.

எந்த வளாகத்திலும் இதே அமைப்புதான் இருக்கும். அருங்காட்சியகத்துக்குள் ஒரு பொருள் இருந்தால் அங்கே வெளிச்சமும் ஈரப்பதமும் ஒரே ஆளின் பொறுப்பு, காவலரும் அவருக்குத் தெரிந்தவர். வளாகத்தில் இருக்கும் ஓவியமோ ஒரு துறைத் தலைவரின் அறையில் தொங்கும். சிற்பம் புல்வெளியில் நிற்கும், அந்தப் புல்வெளிக்குத் தண்ணீர் விடுபவர் ஒப்பந்ததாரரின் ஆள். வெள்ளையடிக்க வருபவர்கள் ஓவியத்தைக் கழற்றி எங்கே சாய்த்து வைப்பது என்று, கலைப்பொருட்களுக்குப் பொறுப்பான தொகுப்பாளரைக் கேட்பதில்லை. துறை இடம் மாறும்போது ஓவியமும் மேசை நாற்காலியோடு லாரியில் ஏறும். ஓய்வுபெறும் பேராசிரியர் இருபது ஆண்டு தன் அறையில் இருந்த படத்தைத் தன்னுடையது என்றே மனதார நம்பி வீட்டுக்கு எடுத்துப் போவதும் உண்டு. அவரைத் திருடர் என்று சொல்ல முடியாது. பின்பக்கம் ஒரு எண் ஒட்டியிருந்தால் அவரே திருப்பிக் கொடுத்திருப்பார்.

ஆகவே திரையை மூடச் சொல்லி அட்டை மாட்டுவது போதாது. மூடாவிட்டாலும் சேதம் குறையும்படி கண்ணாடிக்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் படலம் ஒட்டலாம், அறைக்குள் ஒளிமானி வைத்து மாதம் ஒருமுறை எண்ணைக் குறிக்கலாம், அறையைப் பதிவு செய்யும் படிவத்திலேயே திரை பற்றிய நிபந்தனையைச் சேர்த்து, மீறினால் அடுத்த முறை அறை கிடையாது என்று சொல்லலாம். ஆனால் புற ஊதாப் படலத்தை ஒட்டிவிட்டுக் கவலையற்று இருப்பதும் தவறு. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே லித்தால் ரெட் போன்ற நிறமிகளை வெளுக்கப் போதும். கடைசியில் எஞ்சும் வழி கசப்பானது: இந்த அறைக்கு இந்த ஓவியம் ஒத்துவராது என்று மூன்றாம் ஆண்டிலேயே சொல்லிக் கழற்றுவது. அதைச் சொல்லும் அதிகாரம் தொகுப்பாளருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பதினைந்து ஆண்டு ஆகும்.

வெளிச்சத்தால் வந்த சிகிச்சை

கிடங்கில் கிடந்த ஓவியங்களை என்ன செய்வது என்பது பல ஆண்டுகள் ஓடிய கேள்வி. மேலே வண்ணம் பூசிச் சரிசெய்வது நடக்காத காரியம். ரோத்கோ மெல்லிய படலங்களாக வரைந்து, வார்னிஷ் பூசாமல் விட்டவர். அவர் தூரிகைத் தடத்தின் மீது இன்னொருவர் பூசினால் அது ரோத்கோவின் ஓவியமாக இருக்காது, திரும்ப எடுக்கவும் முடியாது.

ஹார்வர்டு அருங்காட்சியகங்களின் பேணுகைக் குழுவும் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தின் மீடியா லேப் என்ற ஆய்வகத்தைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து வேறு வழி கண்டார்கள். ஓவியத்தைத் தொடவே வேண்டாம், அதன் மேல் விழும் வெளிச்சத்தை மாற்றினால் போதும். ஓவியம் இன்று என்ன நிறத்தில் இருக்கிறது என்பதைக் கேமரா பார்க்கிறது. அன்று என்ன நிறத்தில் இருந்தது என்பது கணினியில் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு, அந்த வித்தியாசத்தை மட்டும் புரொஜெக்டர் ஓவியத்தின் மேல் ஒளியாகப் பாய்ச்சுகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு 1964-இன் சிவப்பு தெரிகிறது.

அன்றைய நிறம் எது என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் ஆவணப் பதிவேடு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி. 1964-இல் எடுத்த எக்டாக்ரோம் வண்ணப் படங்கள் இருந்தன. ஆனால் அந்தப் படச்சுருளும் வயதாகி நிறம் திரிந்துபோயிருந்தது. சாட்சியே நோய்வாய்ப்பட்டிருந்த நிலை. சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் அந்தப் படங்களின் நிறத்தைக் கணினி வழியாக மீட்டார்கள். மீட்டது சரிதானா என்று ஒப்பிட ஒரு அசல் வேண்டுமே? அப்போதுதான் அந்த ஆறாவது ஓவியம் உதவிக்கு வந்தது. அறையில் மாட்டாமல் திரும்பிப் போய், ரோத்கோ குடும்பத்தாரிடம் வெளுக்காமல் இருந்த அதே தொகுதியின் ஓவியம்.

2014 நவம்பரில், கட்டடக் கலைஞர் ரென்ஸோ பியானோ புதுப்பித்துக் கொடுத்த அருங்காட்சியகக் கட்டடம் திறந்தபோது, இந்த ஓவியங்களை ஒளியோடு காட்சிக்கு வைத்தார்கள். 2015 ஜூலைவரை நடந்தது. நாள்தோறும் மாலை நான்கு மணிக்குப் புரொஜெக்டர்களை அணைப்பார்கள். நிறம் போய், வெளுத்த அசல் நிற்கும். அதைப் பார்ப்பதற்கென்றே நேரம் பார்த்துக் கூட்டம் சேர்ந்தது. மறைக்காமல் காட்டியதை நான் பாராட்டுகிறேன். ஆனாலும் இது பராமரிப்புக்கு மாற்று ஆகாது. புரொஜெக்டர் பாய்ச்சுவதும் வெளிச்சம்தான், அதுவும் கணக்கில் ஏறும். எல்லா வளாகத்திலும் மீடியா லேப் பக்கத்துத் தெருவில் இருக்காது.

மற்ற வளாகங்கள்

யேல் பல்கலைக்கழகத்தில் நடந்தது கிட்டத்தட்ட எதிர்த்திசை. 1969-இல் சிற்பி கிளேஸ் ஓல்டன்பர்க், மாணவர்களின் ஏற்பாட்டில், பீரங்கி வண்டியின் சங்கிலிப்பட்டை மேல் நிற்கும் பிரம்மாண்ட லிப்ஸ்டிக் ஒன்றைப் பைனெக்கி சதுக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். பல்கலைக்கழகம் கேட்டு வாங்கியது இல்லை. ஒட்டுப்பலகையும் காற்றடைத்த வினைல் நுனியுமாகச் செய்தது, வெயில் மழைக்குத் தாங்கவில்லை. சுவரொட்டியும் கிறுக்கலும் சேர்ந்து ஒரு ஆண்டில் பாழாகி, ஓல்டன்பர்கே எடுத்துப் போனார். அப்புறம் எஃகு, அலுமினியம், கண்ணாடியிழையில் அவரே மறுபடி செய்து 1974-இல் மோர்ஸ் கல்லூரி முற்றத்தில் வைத்தார்கள். கலைஞர் உயிரோடு இருந்தார், மறுபடி செய்யச் சம்மதித்தார். ரோத்கோ 1970-லேயே இறந்துவிட்டார். கலைஞர் இருக்கும்போதே அவரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டிய கேள்வி ஒன்று இதிலிருந்து கிடைக்கிறது: சேதமானால் மறுபடி செய்யலாமா, எந்தப் பகுதியை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது?

மெக்சிகோவின் தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் மத்திய நூலகத்தின் நான்கு வெளிச்சுவர்களையும் ஓவியர் ஹுவான் ஓ’கார்மன் மொசைக்கால் மூடினார். ஏறக்குறைய 4,000 சதுர மீட்டர். பூசும் வண்ணத்தை நம்பாமல், நாட்டின் பல பகுதிகளிலிருந்து இயற்கையாகவே நிறமுள்ள கற்களைத் தேடிச் சேர்த்துப் பதித்தார். எழுபது ஆண்டு வெயிலுக்குப் பிறகும் நிறம் நிற்கிறது. அந்த வளாகம் 2007-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இடத்துக்கு ஏற்ற பொருளை முதலிலேயே யோசித்துவிட்டால் தொகுப்பாளரின் பாதி வேலை மிச்சம்.

சாந்திநிகேதனில் நிலைமை இன்னும் சிக்கலானது. ராம்கிங்கர் பைஜ் 1938-இல் அங்குள்ள கலைக் கல்லூரியான கலா பவன வளாகத்தில் செய்த சந்தால் குடும்பம் சிற்பம் சிமெண்டும் செம்பாறைக் கூழாங்கற்களும் கலந்தது. வெண்கலத்துக்குப் பணம் இல்லாத காலத்தில் கையில் கிடைத்ததை வைத்துச் செய்தது. கம்பிக்கூட்டின் மேல் அப்பிய சிமெண்டு, மழையில் நுண்வெடிப்பு விட்டு, உள்ளே நீர் இறங்கினால் கம்பி துருப்பிடித்து உப்பி, மேல்பூச்சை வெளியே தள்ளும். மேலே கூரை போட்டால் மழை தடுக்கப்படும், ஆனால் திறந்த வெளியில் வானத்தின் கீழ் நடந்து போகும் குடும்பமாக அவர் யோசித்த உருவம் ஒரு கொட்டகைக்குள் வந்துவிடும். சிற்பத்தைக் காப்பாற்றுவதா, சிற்பம் நிற்கும் வெளியைக் காப்பாற்றுவதா? இரண்டும் நியாயம்தான். நானாக இருந்தால் கூரைக்கே வாக்களிப்பேன், கூரையைப் பின்னால் எடுத்துவிடலாம் என்ற ஒரே காரணத்துக்காக.

சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 1982-இல் ஸ்டூவர்ட் அறக்கட்டளையோடு ஒப்பந்தம் போட்டு, வளாகம் முழுவதையும் கலைக்கான இடமாக அறிவித்தது. கலைஞர்களை அழைத்து, இடத்தை அவர்களே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அந்த இடத்துக்கென்றே செய்ய வைத்தார்கள். 1983-இல் சிற்பி நிகி டி செயின்ட் ஃபாலின் சூரியக் கடவுள் என்ற பறவை முதலில் வந்தது. 1981 முதல் 2021வரை இந்தத் தொகுப்புக்கு ஒரே இயக்குநர், மேரி பீபி. நாற்பது ஆண்டு ஒரே நினைவு. எந்தச் சிற்பத்தின் அடியில் எந்தக் குழாய் ஓடுகிறது என்பது வரைக்கும் ஒருவருக்குத் தெரிந்திருப்பது வளாகங்களில் அபூர்வம். சாதகமும் அதுவே, ஆபத்தும் அதுவே. அவர் தலையில் இருப்பது தாளிலும் இருக்க வேண்டும்.

வாங்கும்போதே கேட்க வேண்டியவை

அன்பளிப்பு என்று வரும்போது வேண்டாம் என்று சொல்ல எந்த நிர்வாகத்துக்கும் வாய் வராது. ஆனால் அன்பளிப்பின் நிபந்தனைகள் பல பத்தாண்டுகள் கழித்துத் திரும்பி வரும். ஓவியர் ஜார்ஜியா ஓ’கீஃப் 1949-இல் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்கு 101 படைப்புகளைக் கொடுத்தார். விற்கக் கூடாது, சேர்த்தே வைக்க வேண்டும் என்றார். பணமுடை வந்தபோது பல்கலைக்கழகம் நீதிமன்றம் ஏறி இறங்கி, கடைசியில் 2012-இல் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகத்தோடு மூன்று கோடி டாலருக்குத் தொகுப்பைப் பங்குபோட்டுக்கொண்டது. வாங்கும்போது பராமரிப்புக்கான நிதியையும் சேர்த்துக் கேட்டிருந்தால் இந்த வழக்கு வந்தே இருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கேட்காத அன்பளிப்பு கடனோடு வரும் வீடு போலத்தான்.

இன்னொரு 1979 உண்டு. ரோத்கோ ஓவியங்களைக் கழற்றிய அதே ஆண்டில், டெல்லியின் அரசு மாநாட்டு அரங்கமான விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த மாபெரும் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை, அவருக்குச் சொல்லாமலே சீரமைப்பு என்ற பெயரில் பெயர்த்து எடுத்துக் கிடங்கில் போட்டார்கள். துண்டு துண்டாகிவிட்டது. வழக்கு 2005-இல்தான் முடிந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி, எஞ்சியதை அவரிடமே ஒப்படைத்து ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. பொருள் நம்முடையது ஆனாலும், படைத்தவரின் உரிமை அதில் ஒட்டிக்கொண்டே இருக்கும். கட்டடத்தை இடித்துக் கட்டத் திட்டம் போடும் பொறியாளர் பிரிவுக்கு இந்தத் தீர்ப்பின் நகல் ஒன்று போய்ச் சேர வேண்டும்.

பதிவேட்டில் என்ன இருக்க வேண்டும் என்று பெரிய பட்டியல் எழுதலாம். ரோத்கோ நிகழ்வு சொல்வது சுருக்கமானது. நிறமி, துணி, பசை பற்றிக் கலைஞரிடம் கேட்டு எழுதியது. நிற அட்டையோடு சேர்த்து எடுத்த படம், அதை ஆண்டுக்கு ஒருமுறை அதே கோணத்தில் மறுபடி எடுப்பது, பழைய கோப்பு திறக்காமல் போகும் முன் புதிய வடிவத்துக்கு மாற்றுவது. வெளியே நிற்கும் வெண்கலத்துக்கு ஆண்டுதோறும் மிதமான சோப்பு நீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மெழுகு பூசிய தேதி. தெளிப்பான் நீர் சிற்பத்தின் மேல் படுகிறதா என்று ஒரு கோடைக் காலையில் நேரில் நின்று பார்த்த குறிப்பு. நீர் தொடர்ந்து பட்டால் வெள்ளையாக உப்புப் படியும், அதைச் சுரண்டப் போனால் மேல்பூச்சும் போகும்.

அப்புறம் ஒவ்வொரு பதிவின் கீழும் ஒரு பெயர்: இந்த அறையின், இந்தப் புல்வெளியின் இன்றைய பொறுப்பாளர் யார். பதவியின் பெயர் போதாது, ஆளின் பெயரும் தொலைபேசி எண்ணும் வேண்டும். ஆள் மாறும் நாளில் சாவியோடு இதுவும் கைமாற வேண்டும், வாங்கிக்கொள்பவர் கையெழுத்துப் போட வேண்டும்.